கல்லூரிக் கிணற்றில் பத்து நாள்

கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்றே நான் ஒரு பொய் சொன்னேன். பெயர்ப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சீனியர் மாணவர், "அப்பாவுக்கு என்ன வேலை தம்பி?" என்று கேட்டார். "மிராசு" என்றேன். அவர் நிமிர்ந்து என் சட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.

எழுமலைக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது மூன்று ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. மழை பெய்தால் சோளம் விளையும். பெய்யாவிட்டால் கொழுஞ்சி முளைக்கும். அறுப்பு முடிந்ததும் என் அய்யா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணறு வெட்டும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். உசிலம்பட்டிப் பக்கம் அவர் இறங்காத கிணறு குறைவு. பன்னிரண்டு வயது முதல் பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போனேன். பள்ளி இறுதித் தேர்வில் நான் தேறிய செய்தி வந்த அன்று அய்யா என் கையைப் பிடித்து, காய்த்துப்போயிருந்த உள்ளங்கையைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னையோட சரி. இனிமே நீ கடப்பாரையத் தொடக்கூடாது அப்பு. இந்தக் காய்ப்பெல்லாம் போயி, ஆபீசுக்காரன் கை மாதிரி ஆகணும். ஒவ்வொரு தடவை வரும்போதும் பாப்பேன்" என்றார்.

சொன்னபடி பார்க்கவும் செய்தார். லீவுக்கு ஊருக்குப் போனால், என்ன படித்தேன் என்று கேட்கமாட்டார். கையை வாங்கித் தடவுவார். ஒன்றரை வருஷத்தில் என் உள்ளங்கை மெத்தென்று ஆகிவிட்டது. அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷமோ அதைவிட எனக்கு அதிகம்.

எங்கள் கல்லூரி சின்னது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரஸ்பிட்டேரியன் சபையார் நடத்தியது. ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில், யானைமலையைப் பார்த்தபடி இரண்டு கல் கட்டடங்கள், ஓர் ஓட்டு விடுதி, ஒரு ஜெபவீடு. ஒத்தக்கடையில் அப்போது நாலைந்து கடைகள்தாம். மாணவர்கள் எல்லாருமாகச் சேர்ந்தால் ஜெபவீட்டின் முக்கால் பாகம் நிரம்பும். ஜெபவீட்டில் படம் கிடையாது, சிலை கிடையாது, வெள்ளையடித்த சுவரும் பெஞ்சுகளும்தான். கணக்குப் படிக்க வந்தவனும் அங்கே சரித்திரம் படிக்க வேண்டும், வேதபாடம் கேட்க வேண்டும், மேடையேறிப் பேசப் பழக வேண்டும். அந்தச் சபையார் எதையும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ஒரு மாமரத்துக் கிளையை வெட்ட வேண்டுமென்றாலும் மூப்பர்கள் கூடி, பேசி, கை தூக்கி, தீர்மானம் எழுதி, அதற்குப் பிறகுதான் அரிவாள் வரும்.

நான் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தபோது ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையிலும் இல்லை. யானைமலையில் காய்ந்த புல் தானே தீப்பிடித்துக்கொண்டது. விடுதிக் கிணற்றில் வாளி தரையில் மோதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. தை பிறந்ததும் அந்தச் சத்தமும் ஈரமில்லாத சத்தமாக மாறியது. மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து ஒத்தக்கடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது சமையலுக்கும் குடிக்கவும் சரியாக இருந்தது. எண்பது பேர் குளிக்கவும் துவைக்கவும் வழியில்லை. இரண்டு பேருக்குச் சொறி வந்தது, நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் பிரின்சிபால் ஓர் அறிவிப்பு வாசித்தார். மூப்பர்கள் கூட்டத்தில் விடுதியை மூடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். பெற்றோர்களுக்குக் கடிதம் போய்விட்டது. மதுரையில் தங்க இடமுள்ளவர்கள் அங்கிருந்து வகுப்புக்கு வரலாம். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம். வருகைக் கணக்குக் குறைந்தால் மார்ச் பரீட்சை எழுத முடியாது, அடுத்த வருஷம் திரும்ப வந்து எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் திரும்ப வருவது மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு நடக்காது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துவிட்டது. மழையில்லாத வருஷம் ஊருக்குப் போனால் வீட்டில் ஒரு ஜோடிக் கை கூடும். கூடின கையை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் கிணற்றில் இறங்கிப் பார்த்தேன். சதுரக் கிணறு, பக்கவாட்டில் கல் படிகள். அடியில் இடுப்பளவுக்குச் சேறு காய்ந்து இறுகிப்போயிருந்தது. வெட்டியவர்கள் தண்ணீர் கண்டதும் நிறுத்திவிட்டார்கள், பாறை வரைக்கும் போகவே இல்லை. இது செத்த கிணறு இல்லை, பாதியில் விட்ட கிணறு. எனக்கு அது பார்த்தவுடன் புரிந்தது. புரிந்தது என்று சொன்னால், எப்படிப் புரிந்தது என்று கேட்பார்கள்.

சாயங்காலம் என் நண்பனிடம் சொன்னேன். அவன் மதுரையில் கோயில் பட்டர் வீட்டுப் பையன். சைக்கிளில் வந்து போகிறவன். விடுதி மூடினாலும் திறந்தாலும் அவனுக்கு ஒன்றுமில்லை.

"உங்கப்பா மிராசுதார்னுதானேடா சொன்னே?" என்றான்.

"அது சும்மா சொன்னது."

அவன் சைக்கிள் மணியை நெருடினான். பிறகு, "சரி, அதை அப்புறம் திட்டறேன். இப்போ பிரின்சிபால்ட்ட போ" என்றான்.

பிரின்சிபால் வெள்ளைக்காரர், தமிழைப் பைபிளிலிருந்து கற்றவர். கோபம் வந்தாலும் வேதாகம நடையில்தான் வரும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் இங்கே ராஜா அல்ல. மூப்பர்களில் ஒருவன் மாத்திரமே. உமக்குச் சொல்ல வேண்டியது உண்டானால் சங்கத்தில் வந்து சொல்லும். வெள்ளிக்கிழமை கூடுகிறோம்" என்றார்.

அதற்கு நாலு நாள் இருந்தது. நண்பன் நாலு ஆங்கில வாக்கியம் எழுதிக் கொடுத்தான். விடுதிக்குப் பின்னால் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். ஆங்கிலம்தான் எனக்கு எமன். கணக்கில் வகுப்பில் முதலாவதாக வருகிறவன், ஆங்கிலக் கட்டுரையில் கடைசிக்கு முந்தினவன்.

வெள்ளிக்கிழமை நூலக அறையில் நீள மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் வெள்ளைக்காரர்கள், மீதி தமிழர்கள். போதகர், தலைமையாசிரியர், ஒரு வக்கீல் இப்படி. முதல் நாள் என் பெயரைப் பதிந்த அந்தச் சீனியர் மாணவரும் விடுதிச் செயலாளராக ஓரத்தில் நின்றார். நான் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். இரண்டாவது பாதியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் திரும்பவும் நின்றது. யாரோ இருமினார்கள்.

"தமிழ்லயே சொல்லுப்பா" என்றார் வக்கீல்.

கிணறு பாதியில் விட்ட கிணறு என்றும், தூர் வாரி இன்னும் பத்தடி இறக்கினால் தண்ணீர் வரும் என்றும், விடுதி மாணவர்களே வெட்டுவோம் என்றும் சொன்னேன். பேசப் பேச என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. வக்கீல் முன்னாலிருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்கப்பா மிராசுதார்னு இதுல இருக்கு. மிராசுதார் மகனுக்குக் கிணத்தைப் பத்தி என்ன தெரியும்?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற செயலாளர் தரையைப் பார்த்தார்.

"அது பொய்ங்க. எங்கய்யா கிணறு வெட்டுறவரு. நானும் அவர்கூட வெட்டியிருக்கேன். பதினாறு கிணறு."

சொன்ன பிறகு காது இரண்டும் கொதித்தது. வக்கீல் பதிவேட்டை மூடினார். ஓட்டெடுப்பில் அவர் எதிராகத்தான் கை தூக்கினார். மாணவர்கள் மேல் மண் சரிந்தால் யார் பொறுப்பு என்பது அவர் வாதம். ஒரே ஓட்டில் என் பக்கம் ஜெயித்தது. பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு வகுப்பையும் தவறவிடக்கூடாது. வெடி வைக்கக்கூடாது. கீழே ஆள் இருக்கும்போது மேலே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். பத்தாம் நாள் இருட்டுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் விடுதி மூடப்படும். நான் வெளியே வரும்போது செயலாளர் என் பின்னாலேயே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கடப்பாரை எத்தனை வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் தொடங்கினோம். முதலில் ரசாயன ஆசிரியர் ஒரு லாந்தரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அடியில் கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். எங்கள் ஊரிலும் அப்படித்தான் செய்வோம், அந்தக் கெட்ட காற்றுக்கு அவர் ஒரு வாயுவின் பெயரைச் சொன்னார். விளக்கு அணையவில்லை. நான் முதலில் இறங்கினேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கடப்பாரையைப் பிடித்தபோது கை அதை மறக்கவில்லை என்று தெரிந்தது. தோல்தான் மறந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே இரண்டு கையிலும் கொப்புளம்.

முப்பது பேர் வந்தார்கள். சேறு, மண், கல் எல்லாம் கூடையில் ஏறி, கையிலிருந்து கைக்கு மாறி, மாமரத்தடியில் போய்க் கொட்டியது. விடுதியில் சைவச் சாப்பாட்டுப் பந்திக்குத் தனிப் பானை, தனி டம்ளர் இருந்தது. அந்தப் பானையை மற்றவர்கள் தொடக்கூடாது. கூடைக்கு அப்படி எந்த ஏற்பாடும் செய்ய யாருக்கும் நேரமில்லை. காலை ஒன்பது மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம். நகக்கண்ணில் சேற்றோடு உட்கார்ந்து ஆங்கிலக் கட்டுரை எழுதுவோம். நாலு மணிக்குத் திரும்பவும் கிணறு.

நண்பனும் வந்தான். கீழே இறங்க அவன் வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள் என்பதால் மேலே உருளையில் கயிறு இழுத்தான். இரண்டாம் நாளே அவன் கை உரிந்துவிட்டது.

"அடுத்த வாரம் எங்களுக்குக் கோயில்ல பூஜை முறை வருது. அப்பா இந்தக் கையைப் பாத்தா என்ன சொல்வாரோ தெரியலை" என்றான். சொல்லிவிட்டு மேல்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான்.

மூன்று நாளில் தூர் எடுத்து முடித்தோம். அதற்கடியில் சரளை. அங்கே நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எந்தப் பக்கம் இறக்குவது? மேற்கே யானைமலை இருக்கிறது, மலையில் பெய்த மழை பூமிக்குள் இறங்கி நம் பக்கம்தான் வரும் என்று கணக்குப் போட்டேன். மேற்கு மூலையில் வெட்டச் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பதினாறு கிணறு வெட்டினவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

வெள்ளிக்கிழமை நண்பன் மட்டும் கேட்டான். "ஏன்டா, மேற்குச் சுவர்ல முளைச்சதெல்லாம் காஞ்சு போச்சு. கிழக்குச் சுவர்ல அந்த அரசங்கன்னு மட்டும் எப்படிப் பச்சையா நிக்கறது?"

"நீ கயித்தப் புடி மாப்ள. கிணத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்று வகுப்பு முடிந்து இறங்கியபோது மேற்கு மூலையில் பாறை தட்டியது. சாதாரணப் பாறை இல்லை. கடப்பாரை பட்டால் பொறி பறக்கிற கருங்கல். வெடி இல்லாமல் அதை ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் அதன்மேலேயே இடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கூடைக்குக்கூடத் தேறவில்லை.

அப்போதுதான் மேலே ஒரு குரல் கேட்டது. "கீழ யாருடா அது?"

அண்ணாந்து பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரில் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. எனக்கு முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஏறி வந்தேன். அய்யா என் கையைப் பிடித்துத் திருப்பினார். கொப்புளம் உடைந்து, அதன்மேல் மண் அப்பியிருந்தது. சுற்றிலும் மாணவர்கள் கூடையோடு நின்றார்கள்.

"காலேசுல தங்குற எடத்த மூடுறாகன்னு காயிதம் வந்துச்சு. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. "இதுக்கா அப்பு உன்னைய இம்புட்டு தூரம் அனுப்பினேன்? கெணறு வெட்டணும்னா நம்ம ஊர்லயே வெட்டலாமே. இங்கிலீசு படிச்சுப்புட்டு வெட்டினாத் தண்ணி கூடுதலா வருமா?"

"மூடக்கூடாதுன்னுதான்யா வெட்டுறோம்."

"போதும். பொட்டிய எடு. கடைசி பஸ்ஸுக்குப் போகணும்."

"நான் வரலைய்யா."

அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

"இப்ப வந்தா நான் திரும்பி வர மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்ணியப் பாக்காம வர மாட்டேன்" என்றேன்.

அய்யா விடுதிக்குள் நடந்தார். யாரிடமோ கேட்டு என் அறைக்குப் போய், என் தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பெட்டி போனால் நானும் பின்னால் வருவேன் என்று நினைத்திருக்க வேண்டும். ரோட்டு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் கிணற்றுமேட்டிலேயே நின்றேன். கால் ஒரு தடவை முன்னால் போகப் பார்த்தது. விடவில்லை. பஸ் வந்து, நின்று, போனது.

பிரின்சிபால் பக்கத்தில் வந்து நின்றார். "உம்முடைய தகப்பனார் துக்கத்தோடே போகிறார். நீரும் போகலாம். ஒருவரும் உம்மைக் குற்றப்படுத்தமாட்டார்" என்றார்.

"நான் போகலைங்க. நாளைக்கு விடியற்காலமே ஆரம்பிக்கணும்."

"நாளை ஓய்வுநாள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையார் எந்த வேலையும் செய்யமாட்டார்கள் என்று தெரியும். கிணற்றுக்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. கெஞ்சினேன். பத்து நாளில் ஒரு நாள் போனால் எப்படி என்று வாதாடினேன். அவர் அசையவில்லை. "அந்த ஒரு நாள் உம்முடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

ஞாயிறு முழுவதும் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. மாற்றிக் கட்ட வேட்டிகூட இல்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க அந்த அரசங்கன்றுதான் கண்ணில் பட்டது. கிழக்குச் சுவரில், தரையிலிருந்து இருபதடிக்குக் கீழே, ஏழெட்டு இலைகளோடு. அந்தப் பக்கம்தான் வற்றிப்போன கண்மாய் இருந்தது. மேலே வெடித்துக் கிடந்தாலும் கண்மாய் தன் அடிமண்ணில் ஈரத்தை வைத்திருக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மலையின் உயரத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டேன், பிறகு ஒருவன் எடுத்துச் சொன்னபோது வீம்பில் கேட்காமல் விட்டேன். மூன்று நாள் முப்பது பேரைத் தப்பான இடத்தில் வெட்ட வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எல்லாரையும் நிறுத்தி அதைச் சொன்னேன். "நான் காட்டின பக்கம் தப்பு. கிழக்கால வெட்டணும். மூணு நாள்தான் இருக்கு."

"அப்ப இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் வீண்தானாண்ணே?" என்று முதல் வருஷ மாணவன் ஒருவன் கேட்டான்.

"வீண்தான்."

பாதிப் பேர் கூடையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதினான்கு பேர் நின்றார்கள். நண்பன் உருளைக்குப் பக்கத்தில் நின்று துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் போய், "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும் மாப்ள" என்றேன்.

"இப்பவாவது கேட்டியே. இறங்கு" என்றான். அவன் அப்பா அவன் கையைப் பார்த்துவிட்டார் என்பதையும், அந்த வாரக் கோயில் முறையை அவன் சித்தப்பா ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும், வீட்டில் ஒரு வாரம் யாரும் அவனோடு பேசவில்லை என்பதையும் வெகு நாள் கழித்துத்தான் சொன்னான்.

கிழக்கு மூலையில் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண். வெள்ளையாக, கட்டிகட்டியாகப் பெயர்ந்து வந்தது. ஆள் குறைந்ததால் ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலை செய்தோம். செவ்வாய்க்கிழமை செயலாளர் காலில் கூடைக் கல் விழுந்து பெருவிரல் நகம் போய்விட்டது. அவர் உட்கார்ந்தபடியே கூடை வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் நான் தூங்கிவிட்டேன். ஆங்கில ஆசிரியர் எழுப்பவில்லை.

புதன்கிழமை பத்தாம் நாள். சாயங்காலம் வெயில் கிணற்றை விட்டு ஏறிப்போன பிறகு கடப்பாரையின் சத்தம் மாறியது. அதுவரை 'டக்'கென்று கேட்டது, இப்போது எதிலோ அமுங்குவதுபோல் இருந்தது. கடப்பாரையை உருவினேன். முனையில் ஈரமண். அதே துளையில் இன்னும் நாலு குத்துக் குத்தினேன். துளை வாயில் முதலில் சேறு புரண்டது. பிறகு, சுண்டுவிரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்து என் பாதத்தை நனைத்தது.

கடப்பாரையைக் கீழே வைத்தேன். "என்னடா ஆச்சு?" என்று மேலே நண்பன் கூப்பிட்டான். ஒரு கூடைச் சேற்றை அள்ளி மேலே அனுப்பினேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் போட்ட கூச்சலில் பிரின்சிபால் தொப்பியில்லாமல் ஓடி வந்தார். மறுநாள் காலையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். தண்ணீர் உப்பு. குடித்தால் நாக்கில் ஒட்டியது. ரசாயன ஆசிரியர் சோப்பைத் தேய்த்துப் பார்த்தார், நுரையே வரவில்லை. சமையல்காரர் அரைமணி நேரம் அடுப்பைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியில பருப்பு வேகாது சாமி" என்று சொல்லிவிட்டார்.

மூப்பர்கள் மறுபடி கூடினார்கள். என்னையும் நிற்க வைத்தார்கள். இது தண்ணீரா இல்லையா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், முதலில் எதிராக ஓட்டுப்போட்ட அந்த வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய தீர்மானத்தைப் படித்தார். "தண்ணீர் வந்தால் என்றுதான் எழுதியிருக்கிறோம். குடிதண்ணீர் என்று எழுதவில்லை. குளிக்கவும் துவைக்கவும் இது போதும். குடிக்க வண்டித் தண்ணீர் இருக்கிறது. நாம் எழுதினதை நாமே மீறலாமா?" என்றார். இரண்டு பேர் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள். விடுதி மூடப்படவில்லை.

அந்த இரண்டு மாதமும் எங்கள் தலைமயிர் தேங்காய்நார் மாதிரி நின்றது. துவைத்த வேட்டி பழுப்பேறியது. யாரும் முணுமுணுக்கவில்லை. நான் நண்பனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மாசிக் கடைசியில் ஒரு நாள் பஸ் கண்டக்டர் என் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார். துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தது என் ஆத்தா. அய்யாவிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

மார்ச்சில் பரீட்சை எழுதினேன். கணக்கில் நல்ல மதிப்பெண். ஆங்கிலத்தில் தோற்றேன்.

பரீட்சை முடிவு வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது, வழியெல்லாம் அய்யா என்ன சொல்வார் என்பதைத்தான் யோசித்தேன். படித்துச் சொன்னேன். அவர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் களத்தில் கூளத்தைக் கூட்டிக்கொண்டே, "திரும்ப எழுத விடுவாகளா?" என்று கேட்டார்.

"செப்டம்பர்ல எழுதலாம்யா."

"அப்ப எழுது."

அந்தக் கோடையில் அவர் என்னைக் கிணற்று வேலைக்குக் கூட்டிப்போகவில்லை. நானே கிளம்பினேன், போகவிடவில்லை. எங்கள் தொழுவத்துக்குப் பக்கத்திலிருந்த சோளத்தட்டைக் குடிசையைக் கூட்டிச் சுத்தம் செய்து, "இதுல உக்காந்து படி" என்றார். யாராவது என்னைக் கூப்பிட வந்தால் வாசலிலேயே விரட்டினார். ஒரு நாள் மட்டும் கஞ்சி குடிக்கும்போது கேட்டார்.

"அந்தக் கெணத்துல எம்புட்டு ஆழத்துல வந்துச்சு?"

"நாப்பத்திரெண்டு அடியில. கிழக்கால."

"நான் வந்தன்னைக்கு மேக்கால இடிச்சிக்கிட்டிருந்த?"

"மலையப் பாத்து ஏமாந்துட்டேன்யா."

அவர் சிரித்துவிட்டார். "நானும் ஒரு தடவ அப்படி ஏமாந்திருக்கேன். ஒரு மாசம்" என்றார்.

செப்டம்பரில் எழுதித் தேறினேன். ஒட்டினாற்போலத்தான். பி.ஏ. வகுப்பு ஆனியிலேயே தொடங்கிவிட்டதால் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். மறு ஆனியில் கணிதம் எடுத்துச் சேர்ந்தேன். அந்தக் கல்லூரியில் கணிதக்காரனும் தர்க்க சாஸ்திரம் படித்தே ஆக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். முதல் நாள் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு வரியும் விளங்கவில்லை. திரும்பவும் மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தேன்.